லென்ஸ் போட்டது மகள், விழுந்தது நான்

ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களை உலகம் மன்னித்துவிடுகிறது. தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, "பாவம், இளகின மனசு" என்று அனுப்பிவைக்கிறது. ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாத இடத்தில், ஏசி ஓடுகிற கண்ணாடிக் கடையில், மெத்தை போட்ட நாற்காலியிலிருந்து விழுந்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் அப்படி விழுந்தவன். விழுந்தபோது என் சட்டையில் 'முதலுதவிப் பயிற்சி பெற்றவர்' என்ற பேட்ஜ் வேறு குத்தியிருந்தது.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பாதுகாப்பு சூப்பர்வைசர். ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரையும் நிறுத்திப் பார்த்து, காகிள்ஸ் போடாதவர்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. (காகிள்ஸைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், "கண்ணு என்ன உச்சந்தலையிலயா இருக்குது?" என்று கேட்பேன். பல வருடமாக அதே ஜோக். சம்பளம் வாங்குகிறவர்கள், சிரித்துத்தானே ஆக வேண்டும்.) வீடு மூக்கண்டப்பள்ளியில். ஒரே மகள். பார்வையோடு சம்பந்தப்பட்ட பெயர் என்று யாரோ சொன்னதால் தர்ஷினி என்று வைத்தோம். ஆறாம் வகுப்பிலேயே போர்டு தெரியவில்லை என்று வந்து நின்றாள்.

கண்ணாடி போட்டதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வாலிபால் ஆட விட்டால் போதும். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள், எதிரணி அடித்த பந்து நேராக முகத்தில் வந்து விழுந்தது. ஃபிரேம் இரண்டாக உடைந்து, புருவத்துக்குக் கீழே வெட்டிவிட்டது. கண் நூலிழையில் தப்பியது. என் மனைவி விஜயா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"இனிமே பந்து வேணாம்."

தர்ஷினி எதிர்த்துப் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. கிருஷ்ணகிரியில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் ஆடிப் பார்த்தாள். பந்து வருவது தெரியவில்லை, மேலே பட்ட பிறகுதான் தெரிந்தது.

"ஏதாவது வழி பண்ணுப்பா" என்று என்னிடம் வந்தாள். அப்போதெல்லாம் எதற்கும் என்னிடம்தான் வருவாள்.

மூவருமாகக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். நான் வேலை முடிந்து அப்படியே, பேட்ஜோடு. கண் பரிசோதிக்கும் பெண் கன்னடக்காரர். அவர் பேசிய தமிழில் கன்னடத்தின் இழுப்பு இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு இந்த ஸ்போர்ட்ஸ் காகிள்ஸ். பவர் இதுலயே வரும். சுலபமா உடையாது, பின்னாடி பட்டை இருக்கு, கீழ விழாது. இன்னொண்ணு கான்டாக்ட் லென்ஸ். நல்லா தெரியும். ஆனா பந்து வந்து அடிச்சா அது தடுக்காது. மண்ணு கிரவுண்டு, தூசி வேற. கை கழுவி அவளே போட்டு எடுக்கணும். எனக்குக் கேட்டா, பந்து ஆடற பிள்ளைக்கு காகிள்ஸ்தான்."

நான் அந்தக் காகிள்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். "வெல்டிங் பண்ற ஆளு மாதிரி இருக்குமே. பொம்பளப் புள்ள."

விஜயா என்னை நிதானமாகப் பார்த்தாள். "நீங்க தினமும் ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் மாட்டி விடறது என்னாங்க?"

"அது ஃபேக்டரி" என்றேன். (பாதுகாப்பு சூப்பர்வைசர் பேசிய பேச்சு இது.) "லென்ஸையே போட்டுப் பாக்கலாம்."

தர்ஷினி கை கழுவித் துடைத்து, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்தாள். நான் தைரியம் சொல்ல நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாத பாப்பா, அப்பா இருக்கறேன்." அவள் பயந்த மாதிரியே தெரியவில்லை. கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்தாள். இன்னொரு விரலின் நுனியில் லென்ஸ். அந்த விரல், திறந்திருந்த கண்ணை நோக்கிப் போனது. எங்காவது நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம், "சார், ஏனாயித்து, ஏனாயித்து" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்ட தூரத்துக் குரல்தான். விழும்போது பிடிமானத்துக்கு நான் பற்றியது ஃபிரேம்கள் மாட்டியிருந்த சுழல் ஸ்டாண்டை. கூலிங் கிளாஸ்கள் என் மேல் மழையாகப் பொழிந்தனவாம்.

கண் விழித்தபோது தர்ஷினி ஒரு கண்ணில் லென்ஸோடும் ஒரு கண்ணில் இல்லாமலும், எழுத்துப் படிக்க வைக்கும் அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். விஜயா என் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "யாராச்சும் பாத்தா வேல போயிரும்."

"மதியம் சரியா சாப்பிடல" என்று முனகினேன்.

"ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னதா ஃபோன்ல சொன்னீங்களே" என்றாள் விஜயா.

லென்ஸைக் கழற்றும்போது என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள். பிறகு தர்ஷினி காகிள்ஸை எடுத்து மாட்டிப் பார்த்தாள்.

"இதையே குடுங்கக்கா."

"லென்ஸ் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்குது. ஆனா தினமும் எங்கப்பாவத் தூக்கணும்."

கடையே சிரித்தது. தரையில் கிடந்த ஃபிரேம்களைப் பொறுக்கிக்கொண்டே நானும் சிரித்து வைத்தேன்.

கிருஷ்ணகிரி மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். ஆட்டத்தின் நடுவில் மறுபடியும் ஒரு பந்து அவள் முகத்துக்கே வந்தது. விஜயா என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். பந்து காகிள்ஸில் பட்டு மேலே எழும்ப, பக்கத்தில் இருந்த பெண் அதை வலைக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டாள். தர்ஷினி காகிள்ஸைச் சரிசெய்துகொண்டு அடுத்த பந்துக்குக் குனிந்து நின்றாள். அன்று அவளை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அவள் என்னிடம் வந்து திரும்பி நிற்பாள். பின்னலைத் தூக்கிப் பட்டையை இறுக்கிவிடுவது என் வேலை.

"வலிக்குதா?"

"இல்லப்பா, இன்னும் கொஞ்சம்."

அவள் விளையாட்டில் என் பங்கு அவ்வளவுதான். அதற்காக ஷிப்ட் மாற்றச் சொல்லி எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன். ஒருநாளும் அது பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தோன்றியதில்லை. வெயிலில் நிற்கிறோமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி, ஹாஸ்டல். டாக்டரிடம் காட்டி லென்ஸுக்கு மாறிவிட்டாள். ஆடும்போது மேலே பவர் இல்லாத காகிள்ஸ் ஒன்றும் போட்டுக்கொள்கிறாளாம். அதன் பட்டையை யார் இறுக்கிவிடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஆட்டம் இருக்கிற நாளில் மட்டும் தவறாமல் ஃபோன் வரும்.

"ப்பா, எங்க இருக்கற?"

"வேலையிலதான்."

"உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்."

"கெட்டியா புடிச்சுக்க. லென்ஸ் போடப்போறேன்."

பின்னால் அவள் அணிப் பெண்கள் சிரிப்பது கேட்கும். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் என் கதை மனப்பாடம். நான் மூச்சு விடாமல் காத்திருந்து, "ஆச்சா பாப்பா?" என்று கேட்பேன். "எப்பவோ ஆச்சு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவாள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நாள்களில் மட்டும், ஃபோன் வருவதற்கு வெகுநேரம் முன்பே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.