பூஜை போட்ட ஹார்னஸ்

ஹார்னஸ் முழுக்கக் குங்குமம். ஆராவமுதன் காலையில் ஷெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

லிங்கராஜபுரத்தில் யூஜின் நடத்தும் மரக்கிளை வெட்டும் கம்பெனியில் அவர் சேஃப்டி ஆபீசர். மரம் ஏறுகிறவர் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு கயிற்றில் தொங்குவாரே, அந்த ஹார்னஸைத் தையல் தையலாகப் பார்த்து, தேறினால் பச்சை ரிப்பன் கட்டி அனுப்புவது அவர் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்று பிரேசர் டவுன் அபார்ட்மெண்ட் ஒன்றில் பெரிய தூங்குமூஞ்சி மரத்தைக் கழிக்க வேண்டும். அங்கே செயலாளராக இருக்கும் சங்கமித்ரா பாதுகாப்பு விஷயத்தில் மகா கறார். அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யூஜின் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்.

நேற்று ஆயுத பூஜை. யூஜின் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும், ஆயுத பூஜை வந்தால் ஷெட் சாவியை முத்தம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். ஷெட்டைப் பெருக்குவது, வெட்டிய கிளைகளை அள்ளுவது, பூஜை போடுவது எல்லாம் முத்தம்மாவின் இலாகா. ரம்பத்துக்குப் பொட்டு, அரிவாளுக்குப் பொட்டு. நடுவில் ஹார்னஸுக்கு மட்டும் ராஜ அலங்காரம்: சந்தனம், குங்குமம், மஞ்சள் செவ்வந்தி மாலை, எலுமிச்சம்பழம், சிவப்பு ரிப்பன். பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகக் கன்னடக் கொடி மாதிரி இருந்தது. அடுத்து வரப்போகிற கன்னட ராஜ்யோத்சவத்துக்கும் சேர்த்தே அலங்காரம் பண்ணிவிட்டார் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஆராவமுதன் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டார்.

போன வாரம்தான் எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தியிருந்தார். ஹார்னஸில் எண்ணெய் படக்கூடாது, சாயம் படக்கூடாது, பேனாவால் பேர்கூட எழுதக்கூடாது. முத்தம்மா முன்னால் நின்று பயபக்தியாகத் தலையாட்டினார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

மாற்று ஹார்னஸ் ஏதாவது இருக்குமா என்று அலமாரியைத் திறந்தார். காலி. முத்தம்மாவுக்குப் போன் போட்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது. விஜயதசமி ஆயிற்றே, கோயிலுக்குப் போய்விட்டு நேராக பிரேசர் டவுனுக்கு வருவதாக நேற்றே சொல்லியிருந்தார். ஆக, இருக்கிற இதை வைத்துத்தான் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஈரத்துணியால் துடைத்தார். அதுவரை தூளாக இருந்த குங்குமம் குழம்பாகித் தையலுக்குள் இறங்கியது. பழைய பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்துத் தேய்த்தார். குங்குமம் போகவில்லை. தொடைப்பட்டையில் நூல்கள்தான் சிலிர்த்துக்கொண்டு நின்றன. நாமே பிய்த்துவிட்டோமே என்று பதறிப்போய்ச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தார். நீலப் பட்டை வெளுத்துத் தெரிந்தது. பக்கிளைப் பூட்டிப் பார்த்தால் பாதியில் நின்றது. உள்ளே சந்தனம் அடைத்திருக்கும் என்று ஊதினார். அழுத்திப் பூட்டியதும் மனசில்லாமல் பூட்டிக்கொண்டது.

வேறு யாராவது இந்த லட்சணத்தில் ஒரு ஹார்னஸைக் கொண்டுவந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்திருப்பார். ஆனால் இதில் ஒவ்வொரு குறைக்கும் காரணம் அவருக்கே தெரியும். நூல் சிலிர்த்தது பிரஷால், வெளுத்தது சோப்பால், பக்கிள் சிக்கியது சந்தனத்தால். காரணம் தெரிந்த குறை குறையே இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு பச்சை ரிப்பனைக் கட்டினார்.

ஈரம் காய வேண்டும். வெயிலில் போடக்கூடாது என்பது அவர் சொன்ன விதி. வானமும் மூடிக்கொண்டுதான் இருந்தது. காற்றில் காயட்டும் என்று ஹார்னஸைத் தானே மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ரோடெல்லாம் நேற்று உடைத்த பூசணிக்காய். அதில் வழுக்காமல் வளைந்து வளைந்து போனார். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் அவர் இடுப்பையே பார்த்தார்.

"டூவீலருக்கும் பெல்ட் ரூல் வந்துடுச்சா சார்?"

பிரேசர் டவுன் போய் இறங்கியபோது ஹார்னஸ் அரைகுறையாகக் காய்ந்திருந்தது. அதிலிருந்து வழிந்த சிவப்பெல்லாம் வெள்ளைச் சட்டையில் இருந்தது. கேட்டருகே நின்ற சங்கமித்ராவின் முகம் மாறியது. யூஜின் சிரிப்பதை நிறுத்தினார்.

"இது யாரோட ரத்தம்?" என்றார் சங்கமித்ரா.

குங்குமம்தான் மேடம் என்று ஆராவமுதன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மரம் ஏறுகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் அந்த அம்மாளின் அடுத்த கேள்வி. காபி குடிக்கப் போயிருந்த கிருஷ்ணப்பாவைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவரோ ஹார்னஸைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், இந்த பெல்ட்டு..."

"பாஸ் பண்ணியாச்சு. பச்சை ரிப்பன் தெரியலையா?" என்று ஆராவமுதன் மடக்கினார்.

"ஆய்த்து சார்," என்று கன்னடத்தில் சரி சொல்லிவிட்டு கிருஷ்ணப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சங்கமித்ரா விடவில்லை. "ஏறுறவரே யோசிக்கிறார். பாஸ் பண்ணது நீங்கதானே, அப்போ நீங்களே தொங்கிக் காட்டுங்க."

ஆராவமுதன் வாழ்நாளில் ஸ்டூலுக்கு மேல் ஏறியதில்லை. யூஜினைப் பார்த்தார். யூஜின் மரத்தைப் பார்த்தார். கிருஷ்ணப்பா மறுபேச்சுப் பேசாமல் கிளையில் கயிற்றை வீசி, கொக்கியை மாட்டி, இழுத்தார்.

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கால்கள் எழும்பியபோது ஆராவமுதன் கண்ணை மூடிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தார். கீழே சங்கமித்ரா திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். யூஜினுக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது. வேலை நிரந்தரம். ஆராவமுதனுக்கு அதுவரை இல்லாத தைரியம் வந்தது. அந்தரத்தில் ஆடியபடியே, தன் கண்ணுக்கு ஒரு தையல்கூடத் தப்பாது என்று கீழே பார்த்துப் பிரசங்கம் ஆரம்பித்தார். இடுப்புக்குக் கீழே எங்கேயோ 'டிக்' என்று சின்னதாகக் கேட்டது. சோப்பு காய்கிற சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் முத்தம்மா பொரி கடலைப் பையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். காலையிலிருந்து அடக்கிவைத்த கோபமெல்லாம் ஆராவமுதனுக்குப் பொங்கியது.

"பூவும் பழமும் ரிப்பனும் கட்டறதுக்கு இந்த ஹார்னஸ்தானா கிடைச்சுது உங்களுக்கு?" என்று மேலிருந்தே அதட்டினார்.

முத்தம்மா அண்ணாந்து பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பைக்குள்ளிருந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய இன்னொரு நீல ஹார்னஸை மெதுவாக வெளியே எடுத்தார்.

"நல்ல பெல்ட்டுல குங்குமம் படக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? அதான் நல்லத நம்ம வூட்டுக்கு எடுத்துனு போயிட்டு, நீங்க வெட்டிப் போடச் சொன்ன பழசுக்குக் கடைசியா ஒரு பூஜை போட்டேன்; பூவும் பழமும்தான் நான் கட்டினது, அந்தச் சிவப்பு ரிப்பன் நீங்க கட்டினது."