வெரசு அண்ணனின் காலும் இரண்டு படங்களும்

போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டுபவர்களில், படுத்துக்கொண்டும் ஓட்டியவர் வெரசு அண்ணன் ஒருவர்தான்.

நடந்தவை வரிசையாக:

1. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனவர், நின்றிருந்த ஜீப்பிலிருந்து அவசரமாகக் குதித்து வலது காலை முறித்துக்கொண்டார்.
2. எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உலோக பிளேட் வைத்தார்கள். ஆறி வந்த கால் மறுபடி வலித்தது.
3. பிளேட்டைச் சுற்றிச் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, மதுரையில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறைக்கு அனுப்பினார்கள்.
4. வந்ததும் காத்திருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "வெரசா குடிங்க" என்று விரட்டினார்.

எதற்கும் 'வெரசா, வெரசா' என்று அவசரப்படுத்துவதால் வந்த பெயர்; அவருடைய சொந்தப் பெயரை எங்கள் போடியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் அந்த ஊர் என்று தெரிந்ததும் எனக்கு 'ஆத்தா' பட்டம் கிடைத்தது.

சீழ் இருந்தால் பிளேட்டை எடுக்க வேண்டும். பல மாதம் ஜீப்பைத் தொடக் கூடாது. கவனிக்காமல் விட்டால் காலே போகலாம். சீழ் இல்லையென்றால் உடனே மலை ஏறலாம். அண்ணன் இரண்டாவதை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

முதலில், எலும்பில் போய்ச் சேரும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றினோம்.

"போட்டாச்சுல்ல, படத்த எடு ஆத்தா. சோலி கெடக்கு."

"மருந்து எலும்புல சேர நேரமாகும்ண்ணே."

"என்ன, மேட்டுல ஏறுற லோடு மாதிரியா?"

ஒரு வழியாகப் படுத்தார். படம் கலங்கலாக வந்தது.

"அண்ணே, காலை ஆட்டுறீங்களா?"

"ஆட்டலையே! வளைவுல எதுக்க கேரளா பஸ்சு வந்துச்சு. பிரேக்க மிதிச்சேன்."

கண்ணை மூடினால் அவருக்கு மலைப்பாதைதான் தெரியுமாம். நான் யோசித்தேன். "மேல மரம் விழுந்து கெடக்குண்ணே. வண்டி போகாது. எஞ்சினை அணைச்சிட்டு ஹேண்ட் பிரேக்கைப் போட்டுருங்க."

கால் அசையவில்லை. "மரம் வெட்ட ஆள் வந்துட்டாகளா?" என்று மட்டும் அடிக்கடி கேட்டார்.

படத்தில் முறிந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சீழ் பிடித்த எலும்பும் அப்படித் தெரியும், ஆறி வருகிற எலும்பும் அப்படித் தெரியும். அதனால் இன்னொரு நாள் இரண்டாவது சோதனை: அவருடைய ரத்தத்தை எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றில் கதிரியக்க மருந்தை ஏற்றி, திரும்ப அவருக்கே செலுத்துவது. சீழ் இருக்கும் இடத்துக்கு அவை தேடிப் போகும்.

"எம் ரத்தம் அடுத்தவன் ரத்தத்தோட மாறிப்போச்சுன்னா?"

குழாயில் ஒட்டிய பெயர்ச்சீட்டைக் காட்டினேன். போதவில்லை. பல தோட்டத்து ஏலக்காய் ஒரே ஜீப்பில் இறங்கும் ஊர். மார்க் போடாத சாக்கை அவர் ஏற்றியதே இல்லை. என் பேனாவைப் பிடுங்கி, சீட்டின் ஓரத்தில் வட்டம் போட்டு நடுவில் இரண்டு கோடு இழுத்தார்.

"இப்ப கொண்டு போ."

செலுத்திய அன்று எடுத்த படத்தைவிட, மறுநாள் எடுத்த படத்தில் பிளேட்டின் கீழ் முனையில் வெள்ளை அணுக்கள் அதிகமாகக் கூடியிருந்தன. டாக்டர் விளக்கிச் சொன்னார். அண்ணன் படத்தில் அந்த முனையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப மரம் நெசமாவே விழுந்துருச்சு."

பிளேட்டை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. மருந்து இன்னும் முடியவில்லை. ஜீப்பு ஓட்ட அனுமதி இல்லை. அவர் பரிசோதனைக்கு வரும் நாட்களில் நான் விடுப்பு எடுப்பதில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொல்ல ஆள் வேண்டாமா?