மைனஸ் எண்பது ஞானி

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டி, மருந்துக்கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மருந்துக்கடைக்காரர் கோபப்படவில்லை. அவரும் வரிசையில்தான் நின்றார்.

எல்லோரும் உறைபனி ஞானியைப் பார்க்க வந்தவர்கள். நாற்பது வருடம் காற்றை மட்டுமே உண்டு வாழ்ந்த ஒரு முனிவரின் குடலில் இருந்த நல்ல கிருமிகளை அவர் மைனஸ் எண்பது டிகிரியில் உறையவைத்துக் காக்கிறாராம். ஒரு மாத்திரை விழுங்கினால் வயிற்றுப்போக்கு நிற்கும், வழக்கு ஜெயிக்கும், தட்டிப்போன வரன் திரும்பி வரும். எதுவுமே சாப்பிடாதவர் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவா அங்கே போனார்கள்?

வரிசையின் நடுவில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் தன் மாமியாரைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். ஞானிமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த அம்மாளால் தனியாக நிற்க முடியாது. மூன்று மாதமாக வயிறு போய்ப் போய் ஆளே பாதியாகிவிட்டார். வேறு நோய்க்குச் சாப்பிட்ட மருந்து குடலின் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து பிரித்து, சோதித்து, உறையவைத்த கிருமிகளைக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும் என்று ஒளிக்காமல் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. அடுத்தவன் மலமா என்று மாமியார் எழுந்து வந்துவிட்டார். ஞானியோ அந்தச் சொல்லை வாயில் எடுப்பதேயில்லை. ‘உள்ளமுது’ என்பார். பெயர் மாறியதும் மாமியாருக்குக் குமட்டலும் போய்விட்டது.

வரிசை போய்ச் சேர்ந்த மண்டபத்தில், மேடைமேல் எஃகுப் பெட்டி ஒன்று. அதன்மேல் சிவப்பு எழுத்தில் மைனஸ் எண்பது. ஞானி கதவைத் திறந்ததும் வெண்புகை பொங்கியது. கூட்டம் கைகூப்பியது. அவர் வெறுங்கையை உள்ளே விட்டு மாத்திரையை எடுத்தார்.

ஆஸ்பத்திரியின் உறைபெட்டியைப் பழுதுபார்ப்பவர் நம் மெக்கானிக்தான். ஒருமுறை கையுறை இல்லாமல் உள்ளே தொட்டு விரல் தோலை இழந்தவர். அவர் காது மோட்டார் சத்தத்தைத் தேடியது. சத்தமே இல்லை.

பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு மேடையேறினார்.

“சாமி, இதக் கால் மணி நேரம் உள்ள வையுங்க. உங்க குளிர்ல உறைஞ்ச தண்ணி ஒரு சொட்டு போதும் எங்க அத்தைக்கு.”

இவ்வளவு பக்தியை யார் மறுப்பது? ஞானி வைத்தார். கூட்டம் கண்மூடிக் காத்திருந்தது.

கால் மணி கழித்து மெக்கானிக் மூடியை எடுத்துக் கவிழ்த்தார். தண்ணீர் மேடையில் கொட்டி ஓடியது.

ஞானி அசரவில்லை. “என் அருளால தண்ணிகூட உறையல. பார்த்தீங்களா அற்புதத்த.”

பாதிப் பேர் மறுபடி கைகூப்பினார்கள்.

“அப்போ கிருமி மட்டும் எப்படி சாமி உறைஞ்சுது?” என்றார் மெக்கானிக்.

கூப்பிய கைகள் கொஞ்சம் தளர்ந்தன. மாமியார் சுவரைப் பிடித்துப் பிடித்து மேடைக்கு வந்து, பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டார்.

“மாப்பிள்ளை, உள்ள வெதுவெதுன்னு இருக்கு.”

அதன்பின் யாரையும் தடுக்க முடியவில்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து, நாடக மேடையில் புகைவிடும் கருவியை இழுத்துப் போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரையைப் பிரித்து நக்கிப் பார்த்து, வெறும் மாவு என்றார். பிறகு மாத்திரையின் மேல்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. அந்தக் காலிக் கூடுகளைப் பெட்டி பெட்டியாக ஞானிக்கு விற்றவரே அவர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போன ஞானி திரும்பி வரவேயில்லை.

மறுவாரம் மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். கொடுத்தவருக்கு என்ன வயது, எத்தனை சோதனை, எவ்வளவு நாள் உறைய வைத்தீர்கள் என்று டாக்டரைத் துளைத்தெடுத்துவிட்டுத்தான் சிகிச்சைக்குப் படுத்தார். ஒரு மாதத்தில் கடைத்தெருவுக்குத் தனியாக நடந்தார்.

அருவருப்பாக இல்லையா என்று அங்கே ஒரு பெண் கேட்டாள்.

“மலத்தையே ஆயிரம் சோதனை பண்ணித்தான் அங்க கொடுக்கறாங்க” என்றார் மாமியார். “நாமதான் மனுஷன ஒரு சோதனையும் பண்ணாம விழுந்து கும்பிடறோம்.”