பாலம் கட்டியவளும் பம்பு மிதித்தவனும்

மனைவியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லும் கணவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் பொறாமைக்குக் காரணம் அவள் கட்டிய ஒரு பாலம்.

கோமதி சிவில் இன்ஜினியர், நான் மெக்கானிக்கல். ஒரே கல்லூரியில் ஒரே வருடம் படித்தோம். என் மதிப்பெண்தான் அதிகம் (யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது). குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்தை வாட்டும் விசிறியிலிருந்து தூளை உலர்த்தும் ட்ரையர் வரைக்கும் என் பொறுப்பு. அவை ஓடும்போது என்னை யாருக்கும் ஞாபகம் வராது. நின்றால் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் போன் செய்வார்கள்.

கோமதிக்கு அரசு வேலை. பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை உண்டு. மழை பிடித்துக்கொண்டால் அந்த லைன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த ஓடைமேல்தான் அவள் பாலம் கட்டினாள். முப்பது தப்படி நடந்தால் முடிந்துபோகிற பாலம். அதற்கு வந்த மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வாசலில் கேரட் வந்து இறங்கியது, பீன்ஸ் வந்தது, பர்லியாரிலிருந்து ஒரு முழுப் பலாப்பழம் வந்தது. பஸ்ஸில் அவளுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு "இன்ஜினியரம்மா ஊட்டுக்காரர்" என்று பெயர் வைத்தார்கள். நானும் இன்ஜினியர்தான் என்று டீக்கடைக்காரரிடம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, நான் கட்டிய பாலம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவர் டீ போட்ட தூள் எங்கள் தொழிற்சாலைத் தூள்.

இந்த நிலையில்தான் உள்ளூர் பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முன்னால், சமூகத்துக்கு அதிகம் உதவுவது சிவிலா மெக்கானிக்கலா என்று ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். கோமதி சரி என்று சொல்லிவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போனாள். நான் தேர்தலில் நிற்பவன் மாதிரி தயாரானேன். பாலங்களால் என்னென்ன பயனில்லை என்று நான்கு பக்கம் எழுதினேன். அதோடு ஒரு பழைய சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, அதன் சக்கரத்தோடு பெல்ட் போட்டு ஒரு பம்பை இணைத்தேன். பெடலை மிதித்தால் கீழே இருக்கும் டிரம்மிலிருந்து தண்ணீர் ஏறி, மேலே இருக்கும் டிரம்மில் விழும். கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். மலைமேல் குடியிருக்கும் ஏழை ஜனங்களுக்கான கருவி என்று சொல்வதாகத் திட்டம். (ஏழை ஜனங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.)

அன்றைக்கு நல்ல ஜனவரிக் குளிர். மேட்டுப்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமனார், மகள் பேசுவதைக் கேட்க முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். சலவை வேட்டி சட்டையில் முதல் வரிசையில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் நான் பேசினேன். பாலம் என்ன செய்யும், போட்ட இடத்தில் படுத்துக் கிடக்கும், மனுஷன்தான் நடக்க வேண்டும் என்றேன். இயந்திரம்தான் உழைக்கும் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன்.

தண்ணீர் ஏறியது. கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் இன்னும் பெரிதாகியது. ஆகா, எழுந்து நின்று பாராட்டுகிறார்கள் என்று நினைத்து மேலும் ஓங்கி மிதித்தேன். அவர்கள் எழுந்து நின்றது உண்மைதான். பம்பிலிருந்து மேல் டிரம்முக்குப் போகும் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு, பாம்பு மாதிரி நெளிந்தபடி முதல் வரிசையை வரிசையாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு பாடுபட்டு மிதித்தேனோ அவ்வளவு தூரம் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

கோமதி வந்தாள். ஹோஸைப் பிடித்து டிரம்முக்குள் திருப்பிவிட்டு, என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "போதுங்க, மிதிக்கறத நிறுத்துங்க."

நிறுத்தினேன். மண்டபத்தில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. என் மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்தார். துடைக்கக் காய்ந்த துணி அவரிடம் இல்லை. கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அக்கறையோடு கேட்டார்: "ஏனுங்க மாப்ள, மெக்கானிக்கல்னா இதானுங்களா?"

அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. அடுத்துக் கோமதி பேசினாள். பாலத்தின் பெருமையைப் பேசுவாள், நாமும் மனதுக்குள் திட்டிக்கொண்டே கேட்கலாம் என்று இருந்தேன். அவள் என்னைப் பற்றிப் பேசினாள். அஸ்திவாரக் குழியில் ஊற்று நிற்காமல் தண்ணீர் நிறைந்ததையும், இறைக்கும் டீசல் பம்பு பழுதானதையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் இடுப்பளவு சேற்றில் நின்று அதை ஓடவைத்ததையும் சொன்னாள். "அன்னைக்கு அவரு வரலீன்னா அந்தக் குழியில கான்கிரீட் போட்டிருக்க முடியாதுங்க. பாலமே இல்லீங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறந்தே போயிருந்தது. என் நான்கு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கட்சிக்கான ஒரே நல்ல சாட்சியத்தை எதிர்க்கட்சி கொண்டுவந்து கொடுத்தது. மண்டபம் முழுக்க என்னைப் பார்த்துக் கைதட்டியது. நியாயமாக எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவும் செய்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்கு முன்னால் வந்தது பொறாமைதான். பெருந்தன்மையிலும் முந்திவிட்டாளே.

கடைசியில் யார் யார் எதைப் படிப்பீர்கள் என்று கை தூக்கச் சொன்னார்கள். சிவிலுக்கு ஒரு காடே முளைத்தது. மெக்கானிக்கலுக்கு ஒரே ஒரு கை. யாழினி என்ற பெண், அந்த லைன் வீடுகளிலிருந்து தினமும் அதே பாலத்தைத் தாண்டி வருகிறவள். எனக்கு உயிர் வந்தது. ஏன் மெக்கானிக்கல் என்று கேட்டேன். அவள் எழுந்து நின்றாள்.

"ஹோஸ் கழண்டு வராம இருக்க கிளாம்ப் மாட்டியிருந்துச்சு சார். ஆனா நீங்க அத இறுக்கல. நான் ரெண்டாவது வரிசையிலருந்தே பார்த்தேன். நானா இருந்தா இறுக்கியிருப்பேன்."

கிளாம்பை இறுக்க வேண்டிய நேரத்தில்தான் நான் நான்காவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. நீ கட்டாயம் படி என்று மட்டும் சொன்னேன். படித்தாள். இப்போது கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். போன மாதம் கோமதிக்குத்தான் போன் செய்து சொன்னாள்.

வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும், குக்கர் வெயிட் பறந்தாலும், ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தாலும், யாராவது ஒருவர் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு "மெக்கானிக்கல்னா இதானுங்களா?" என்று கேட்கிறார்கள். என் மகள் கேட்கிறாள். அவள் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. போன தை மாதம் மச்சினன் கல்யாணத்தில் நாலு வார்த்தை வாழ்த்திப் பேச என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். மாமனார் முதல் வரிசையில் இருந்தார். எழுந்தார், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.