பின்சீட்டு சொர்க்கம்

பெண்டாட்டியிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பதற்காக ஒருவர் நாவல் எழுதுவாரா? மைசூர் அக்ரஹாரத்தில் பாச்சு எழுதினார்.

பாச்சு ரயில்வேயில் உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்த்து ரிட்டயரானவர். ஆனால் ஸ்கூட்டரில் ஏறிவிட்டால் மகாராஜாதான். கனகலக்ஷ்மி கும்பகோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளாகப் பின்சீட்டுதான். மார்க்கெட்டோ கோயிலோ, அவர் பேப்பரை முடித்து, வண்டியைக் குழந்தை மாதிரி துடைத்து, கண்ணாடியில் தலை வாரிய பிறகுதான் புறப்பாடு. போன மாதம் தோழியின் பெண்ணுக்கு வளைகாப்பு. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து, இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கனகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன்னா, நான் ஸ்கூட்டர் கத்துக்கப் போறேன்."

"பேடா கனகா, வேண்டாம்! நம்ம ரோடு நன்னாயில்லே."

"உங்களுக்கு மட்டும் தனியா ரோடு போட்டிருக்காளா?"

நேருக்கு நேர் பேசி அவளை ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. அப்போதுதான் இங்கிலீஷ் பேப்பரில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கோயமுத்தூர்ப் பதிப்பகம் ஒன்று தமிழ் நாவல் போட்டி வைக்கிறது, அதில் காதலுக்கென்று தனிப் பிரிவு. பாச்சுவுக்குப் பளிச்சென்று யோசனை உதித்தது. வசந்தி என்றொரு பெண் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளக் கிளம்புகிறாள். விழுகிறாள். ராகவ் ஓடி வந்து தூக்குகிறான். அவன் முதுகில் சாய்ந்தபடி பின்சீட்டுதான் சொர்க்கம் என்று உணர்கிறாள். சுபம்! போட்டிக்குப் போட்டி, கனகாவுக்குப் புத்திமதிக்குப் புத்திமதி.

ஒரே ஒரு சிக்கல். பாச்சு பேசுவது கன்னடம் கலந்த தமிழ், படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். இது வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல, கனகா லேப்டாப்பில் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

"காதல் கதையா? நீங்களா?"

"ஏன், எனக்குக் காதல் வராதா?"

"வந்து நான் பார்த்ததில்லையே!"

பாச்சு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே ஆரம்பித்தார். "வசந்தி தடாலென்று விழுந்தாள். ராகவ் அவளை அலாக்காகத் தூக்கினான்."

கனகா தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னது ரெண்டு வரி. இவ்ளோ நேரம் என்ன தட்டறே?"

"கன்னடத்துல ஒத்தெழுத்தைக் கீழே தொங்க விட்டுடலாம். தமிழ்ல பக்கத்துலன்னா எழுதணும்? நீளும்."

"அது எனக்குத் தெரியாதா? சும்னே கேட்டேன். எங்கே, படி."

கனகா திரையைப் பார்த்து, அவர் சொன்ன ரெண்டு வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். பாச்சு தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொள்ளாத குறையாக உட்கார்ந்தார்.

தினமும் இதே கூத்து. காலையில் நாவல், மத்தியானம் அவருக்குத் தூக்கம். அந்த நேரத்தில் கனகா பக்கத்து வீட்டு ரங்கம்மாவோடு வெளியே போய் வந்தாள். ஒரு நாள் முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். கேட்டதற்கு, "படியில தடுக்கித்து" என்றாள். ரங்கம்மாவிடமும் ஒரு ஸ்கூட்டர் உண்டு என்பது பாச்சுவுக்கு ஏனோ தோன்றவில்லை. அவர் மனமெல்லாம் ராகவ்.

நாவல் போய்ச் சேர்ந்தது. சில வாரம் கழித்துப் பதிப்பகத்திலிருந்து ஜீவிதா என்ற பதிப்பாசிரியர் போனில் பேசினாள். ரங்கம்மா காபிக்கு வந்திருந்தாள். நாலு பேர் கேட்கட்டும் என்று பாச்சு ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், உங்க நாவலைக் காதல் பிரிவுல இருந்து எடுத்துட்டோமுங்க."

பாச்சுவின் முகம் தொங்கிவிட்டது. "ஏம்மா? காதல் இருக்கே!"

"இருக்குதுங்க. ஆனா காதல் நாவல்னா அந்த ரெண்டு பேரோட உறவுதான் முதுகெலும்பு. சேருவாங்களா மாட்டாங்களான்னு தவிக்க விட்டு, கடைசியில சேர்த்து வெச்சரோணும். அந்த நம்பிக்கையிலதான் வாசகருங்க வாங்கறாங்க. உங்களுது பெண் மைய நாவலுங்க. அவளோட வாழ்க்கைதான் கதையே. காதல் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நாங்க ஒரு சோதனை வெச்சிருக்கறோமுங்க. ஹீரோவைத் தூக்கிட்டுப் படிச்சுப் பார்ப்போம். காதல் நாவலா இருந்தா அங்கயே படுத்துக்கும். உங்க ராகவைத் தூக்கிட்டுப் படிச்சமுங்க. ஒண்ணுமே ஆகலை!"

"ஒண்ணுமேவா?"

"ஸ்கூட்டரைத் துடைக்கத்தான் ஆளில்லாமப் போச்சு. வேற ஒரு குறையும் இல்லைங்க."

ரங்கம்மாவுக்குக் காபி புரையேறியது. கனகா தலையைக் குனிந்துகொண்டு கறிவேப்பிலை ஆய்ந்தாள்.

"பெண் மைய நாவல் பிரிவுல முதல் பரிசு உங்களுக்குத்தானுங்க! வசந்தி விழுந்ததும் ராகவ் கையை நீட்டறான். அவ வேண்டாம்னு தானே எந்திரிச்சு, மறுபடி வண்டிய எடுக்கறா பாருங்க, படிச்சு அழுதுட்டேன். சார், நெசமாவே நீங்கதான் எழுதினீங்களா?"

பாச்சுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுதியது நானில்லை என்று சொன்னால் பரிசு போகும். தமிழ் படிக்கத் தெரியாத குட்டு ரங்கம்மா எதிரிலேயே உடையும். அவள் வழியாகச் சாயங்காலத்துக்குள் அக்ரஹாரம் முழுக்கப் போய்விடும்.

"ஆமாம்மா. நானேதான்."

"பெண்கள் வண்டி ஓட்டோணும்னு இவ்வளவு உருக்கமா எழுதிருக்கீங்க. அப்ப உங்க வீட்டுல அம்மா ஓட்டுவாங்கதானே?"

கனகா நிமிர்ந்தாள். கறிவேப்பிலைக் காம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை மட்டும் நீட்டினாள். பாச்சு இடுப்பிலிருந்து சாவியை உருவி அந்தக் கையில் வைத்தார்.

"ஓட்டுவாளே," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

போனை வைத்ததும் பாய்ந்தார். "லைசென்ஸ் வேண்டாமா?"

"எடுத்தாச்சு. நீங்க தூங்கிண்டிருந்தேள்."

முதல் பரிசுக்காரர் ஊர் என்று பரிசளிப்பு விழாவை மைசூரிலேயே வைத்தார்கள். கனகா முன்னால். பாச்சு பின்னால், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. பாச்சுவுக்கு மனசு நெகிழ்ந்துதான் போயிற்று. பாதி வழியில்தான் அவருக்கு அது உறைத்தது.

"கனகா! மேடையில நாவல்லேர்ந்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னா என்ன பண்றது?"

"சொல்லத்தான் போறா. நான் ஜீவிதாகிட்ட அப்பவே சொல்லிட்டேன். ஆசிரியருக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு, ஆத்துக்காரிதான் படிப்பா, அவர் பக்கத்துல நின்னு தலையாட்டுவார்னு."

"எனக்குத் தொண்டை நன்னாத்தானேடி இருக்கு?"

"இப்போலேர்ந்து கட்டிண்டாச்சு. வாயை மூடிண்டு கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ, வளைவு வரது."