நாற்பத்து மூன்றாவது நோட்டு

நாற்பத்து இரண்டு பேர் படிக்கும் வகுப்பிலிருந்து நாற்பத்து மூன்று நோட்டுகள் வந்திருந்தன. ஆங்கில டீச்சர் மூன்றாவது முறையும் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

"ஒம்பதாங் கிளாஸ் நோட்டு ஏதாவது குட்டி போட்டிருக்குமோ?" என்றார் பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சர்.

"சிரிக்காதீங்கக்கா. மூணு வாரமா இப்படித்தான். பேரில்லாத நோட்டு ஒண்ணு தினமும் வருது."

தினம் ஐந்து புதிய சொற்கள், அவற்றை வைத்து ஐந்து வாக்கியங்கள். இதுதான் டீச்சரின் முறை. வகுப்புத் தலைவி நோட்டுகளை அடுக்குவாள். அட்டெண்டர் அண்ணன் அவற்றைச் சுமந்துவந்து ஆசிரியர் அறையில் வைப்பார். காலையில் திரும்ப எடுத்துப் போவார்.

பேரில்லாத நோட்டில் எழுத்துகள் அளவெடுத்து நட்ட வேலிக்கால்கள் போலத் தனித்தனியாக நின்றன. முதல் நாள் அதிலிருந்த மூன்று வாக்கியங்களில் வினைச்சொல்லே இல்லை. நான்காவதில் வினைச்சொற்கள் மட்டுமே இருந்தன. 'தூங்கிக்கொண்டே எழுதினாயா? பத்து முறை எழுது' என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதினார். மறுநாள் இருபது முறை எழுதப்பட்டிருந்தது.

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வருட வேலையில், கொடுத்த தண்டனையை இரட்டிப்பாக வாங்கிக்கொண்ட ஆளை அவர் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் வாக்கியங்களுக்குக் கை கால் முளைத்தது. அதற்கடுத்த வாரம் அவை நடந்தன. 'குரல்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தது: 'என் குரல் பெரியது. ஆங்கிலத்தில் மட்டும் அது சின்னதாகிவிடுகிறது.' டீச்சர் அதை நான்கு முறை படித்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். விதை முளைப்பதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை யார் என்பது அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ஆசை மட்டும் காரணமில்லை. இந்தப் பள்ளியில் அவருடையது தற்காலிக வேலை. மாதக் கடைசியில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் நீடிக்கும். போடாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்த அவர் வராந்தாவில் செருமினால் மூன்று வகுப்புகள் அடங்கும். ஆங்கிலப் பீரியட் முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஃபைலும் பென்சிலுமாக நிற்பார்.

"என் தப்பையெல்லாம் குறிச்சுக்கறார்க்கா."

"அதுக்கு அவ்வளவு பெரிய ஃபைலா?"

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அவர் வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று எழுப்பி நிறுத்த ஒரு பிள்ளை வேண்டும்.

டீச்சர் முதலில் வகுப்பில் நேரடியாகக் கேட்டார். "ரெண்டாவது நோட்டு வெக்கறது யாரு?"

"ஒரு நோட்டுக்கே நாக்கு தள்ளுது டீச்சர்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. 'நாலு பேர் முன்னால் நன்றாக எழுதினால் பீட்டர் விடறான்னு கேலி பண்ணுவாங்க. அதான் ஒளியுது' என்று டீச்சர் முடிவு கட்டினார்.

அடுத்து நோட்டிலேயே எழுதினார்: 'நாளை உன் பெயரை எழுதி வை. இல்லையென்றால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா.'

மறுநாள் நாற்பத்து இரண்டு நோட்டுகள்தான் வந்தன. அன்று ஜன்னலும் காலி, தலைமையாசிரியர் விடுப்பு. நிம்மதியாகப் பாடம் நடத்தியிருக்கலாம். ஆனால் டீச்சருக்கு மனசே இல்லை. பயமுறுத்தித் துரத்திவிட்டோமோ?

அதற்கு மறுநாள் நோட்டு வந்தது. பெயர் இல்லை. அப்பாவின் கையெழுத்து இருந்தது. பக்கத்தின் ஒரு மூலையில் கிளம்பி, நடுங்கி, வளைந்து, மறுமூலையில் விழுந்திருந்தது.

அறிவியல் டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "குடிகார அப்பன். பாவம் பிள்ளை. அடி வாங்கியிருக்கும்."

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து சிவப்பு மை பச்சை மையானது. 'மன்னித்துவிடு. நீ தைரியசாலி. வீட்டில் எது நடந்தாலும் படிப்பை விடாதே' என்று ஒரு பக்கத்துக்கு எழுதினார். பதிலுக்கு ஒற்றை வரி வந்தது: 'வீட்டில் எல்லாரும் நலம். நன்றி.' டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு பெருந்தன்மை!

பிறகு 'பயம்' என்ற சொல் வந்தது. நோட்டு சொன்னது: 'எல்லாரும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்படுகிறேன்.'

டீச்சர் துள்ளி எழுந்தார். வகுப்பில் எல்லாரும் பயப்படுவது ஒரே ஆளுக்குத்தான். பட்டப்பெயர் இடி. ஒன்பதாம் வகுப்பிலேயே வாசல் நிலைக்குக் குனிந்து வரும் பெண். அவள் பந்தை எறிந்தால் எதிர் அணி ஒதுங்கி வழிவிடும்.

இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் ரகசியம் எனக்குத் தெரியும்மா."

இடியின் முகம் வெளுத்தது. "யாரு சொன்னா டீச்சர்?"

"யாரும் சொல்லலை. நானே கண்டுபிடிச்சேன். எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

"பெருமையா?" இடி குழம்பினாள். "ஹெச்.எம். சார்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வெள்ளிக்கிழமை நீயே அவர் முன்னாடி எழுந்து நிக்கணும்."

"அது மட்டும் வேணாம் டீச்சர்!"

"நிக்கலேன்னா நான் சொல்லிடுவேன்."

இடி தலையாட்டினாள். முன் பெஞ்சுக்கு வந்தாள். மூன்று நாளும் ராப்பகலாக அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் எழுதியதில் தவறுகள் மலிந்திருந்தன. 'என்ன நடிப்பு!' என்று டீச்சர் வியந்தார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். மடியில் ஃபைல். டீச்சர் கரும்பலகையில் 'பிரேவ்' என்று எழுதி இடியை எழுப்பினார்.

இடி எழுந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டீச்சர் கண்ணாலேயே கெஞ்சினார். அந்தப் பார்வையை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாள் இடி.

"சார்!" என்று கத்தினாள். "ஐ பிரேக் லேப் விண்டோ! ஐ த்ரோ, பால் கோ, கிளாஸ் கோ! டுடே ஐ டெல்! ஐ பிரேவ்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் இதுவரை யாரும் தனக்குத் தேவைப்பட்டு ஆங்கிலம் பேசியதில்லை.

தலைமையாசிரியர் எழுந்தார். வாயைத் திறந்தார். மூடினார். செருமாமல்கூட வெளியே போய்விட்டார்.

மாலையில் டீச்சர் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். டம்ளர், சாக்பீஸ் டப்பா, பச்சைப் பேனா எல்லாம் பைக்குள் போயின.

"விடும்மா, வேற பள்ளிக்கூடமா இல்லை?" என்றார் அறிவியல் டீச்சர், பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே.

அட்டெண்டர் அண்ணன் வந்து ஒரு கவரை நீட்டினார். "ஐயா தரச் சொன்னாரு."

டீச்சர் பிரித்தார். பணி நீட்டிப்பு உத்தரவு. கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து.

"அதோட இதையும்," என்று அண்ணன் அக்குளிலிருந்து பேரில்லாத நோட்டை எடுத்து வைத்தார்.

'பிரேவ்' என்ற சொல்லுக்கு எழுதியிருந்தது: 'இன்று ஒரு பெண் எழுந்து நின்று தப்பாகப் பேசினாள். நான் தப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.'

டீச்சர் அதை இரண்டாம் முறை படித்தார். அப்படியானால் இடி இல்லை. அந்த நாற்பத்து இரண்டு பேரில் இதை எழுதக்கூடிய ஆள் யார்?

"யாருண்ணே இந்தப் பிள்ளை? எவ்வளவு பெரிய மனசு இதுக்கு!"

அண்ணன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க டீச்சர், ஆனா இனிமே அப்பா கையெழுத்து மட்டும் கேக்காதீங்க, அன்னிக்கு ஐயா லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறிப் போயி, எண்பத்தஞ்சு வயசுப் பெரியவரை எழுப்பி உக்கார வெச்சு வாங்கிட்டு வந்தாரு."