அக்காவின் சிமுலேட்டர் தேர்வும் மாமாவின் ஐலாவும்

கீர்த்திபூர் ஹேராகாஜி மாமாவுக்கு,

லலித்பூரிலிருந்து மருமகன் ரிஜன் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் மாமியின் இருமலும் இந்த வாரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. சுஜீனா அக்கா மட்டும் சரியாகத் தூங்குவதில்லை. நானும்தான், ஆனால் எப்போதும் கம்ப்யூட்டர் முன்னால் விழித்திருப்பவன் என்பதால் வெளியே தெரியவில்லை.

உங்கள் போன் மூன்று நாளாக அணைந்தே கிடக்கிறது. அதனால் இதை ஒரு பைக் டாக்ஸிக்காரரிடம் கொடுத்து அனுப்பப் போகிறேன். அவர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார், ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாளைக் காலை அக்காவை வாழ்த்தி வழியனுப்பச் சகுன் கொடுக்க வரும்போது அவித்த முட்டை கொண்டு வாருங்கள், கருவாடு கொண்டு வாருங்கள், அரிசிச் சாராயம், அந்த ஐலா மட்டும் வேண்டாம். ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

கோபப்படாதீர்கள் மாமா, முழுக்கப் படியுங்கள். அக்கா பிலிப்பைன்ஸில் விமானி லைசென்ஸ் வாங்கி வந்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது. இந்த இருபத்திரண்டு மாதத்தில் அவள் ஓட்டியது அப்பாவின் ஸ்கூட்டர் ஒன்றைத்தான். இப்போதுதான் ஒரு விமான நிறுவனம் ஆள் எடுக்கிறது. நூற்று நாற்பது பேர் எழுத்துத் தேர்வு எழுதி, பன்னிரண்டு பேர் மிஞ்சி, இடமோ மூன்றே மூன்று. இன்று பாதிப் பேர், நாளை அக்காவும் மீதிப் பேரும். ஒவ்வொருவரையும் சிமுலேட்டரில், அதாவது விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி அறைக்குள் வைத்த மாதிரி ஒரு பெட்டியில் உட்கார வைத்து, மேலே ஏறும்போதே ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். தோற்றால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. அழைப்புக் கடிதத்தின் ஆறாவது வரியில் இன்னொன்று இருக்கிறது: உள்ளே போகும் முன் மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும், பூஜ்யம் வராவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டும்.

நான் ஏழாம் வகுப்பிலிருந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். லுக்லா மலை விமான நிலையத்தில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு தடவை இறங்கியிருக்கிறேன், அதில் முந்நூறு தடவை ஓடுதளத்தில். அதனால் அக்காவுக்கு நானே பயிற்சி கொடுக்கிறேன் என்று பொறுப்பை எடுத்துக்கொண்டேன். விமானி அறையின் படத்தை ஆறு தாளில் அச்சடித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி, முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடது பக்கம் அக்காவையும் வலது பக்கம் துணை விமானியாக அம்மாவையும் உட்கார வைத்தேன். பக்கத்தில் இருப்பவரிடம் எவ்வளவு பதமாகப் பேசுகிறோம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு என்று பத்து வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அக்கா ஆரம்பித்ததும் நடந்தது இது.

"அம்மா, விமானம் மேல ஏறிடுச்சுன்னா நீ சத்தமா சொல்லணும்."

"சொல்றேன். முதல்ல இந்த அவலைத் தின்னு."

"அம்மா, இடது எஞ்சின் போயிடுச்சு!"

"இன்னொண்ணு இருக்குல்ல? தின்னுட்டு ஓட்டு."

"ரிஜன், இவங்களைக் கீழ இறக்கி விடுடா!"

அன்றைக்குப் பதமான பேச்சுக்கு அக்கா வாங்கியது மைனஸ்.

இது கூடப் பரவாயில்லை மாமா. மூன்று வாரமாக என் கம்ப்யூட்டரில் தினமும் எஞ்சினை அணைத்து அணைத்து அக்காவைப் பழக்கினேன், அவளும் அழகாக ஓட்டினாள், நான் இணையக் குழுவில் எல்லாம் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன், நாலு நாள் முன்புதான் அவள் திடீரென்று நிறுத்திவிட்டு, "டேய், ஒரு எஞ்சின் போனா மூக்கு ஒரு பக்கமா இழுக்கணும். கால் பெடலை மிதிச்சு நான் நேராக்கணும். உன் விமானம் ஏன்டா தானா நேரா போகுது?" என்று கேட்டாள். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், பெடலைக் கம்ப்யூட்டரே மிதித்துக்கொள்ளும்படி ஒரு டிக் போட்டிருக்கிறது. அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். 

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஏழாம் வகுப்புலேர்ந்து" என்றேன்.

அதன் பிறகு அவள் என் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பெடலுக்குப் பதிலாக இரண்டு அரிசி மூட்டையைச் சுவரோரம் தள்ளி வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, இடது எஞ்சின் போனால் வலது கால், வலது எஞ்சின் போனால் இடது கால் என்று முட்டி வீங்கும்வரை மிதித்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது தலை நிமிராமல், "எனக்கு பயமா இருக்குடா. மூளைக்கு எல்லாம் தெரியுது. கை மறந்து போயிருந்தா என்ன பண்றது?" என்றாள்.  இதற்குப் பதில் இணையத்தில் தேடினாலும் கிடைக்காது என்று தெரிந்ததால், போனைக் கூட எடுக்காமல் சரிந்த மூட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன் மாமா.

சரி, ஊதுவதிலாவது தவறு வரக்கூடாது என்று ஆன்லைனில் ஊதும் மெஷின் ஒன்று வாங்கினேன். அம்மா சகுன் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த ஐலாவை நான் ஒரே ஒரு மிடறு குடித்து, நாலு தடவை வாய் கொப்பளித்து, கால்மணி நேரம் கழித்து ஊதினேன். மெஷின் சிவப்பு விளக்கு போட்டு அலறியது. மெஷினே கோளாறோ என்று அம்மாவை ஊதச் சொன்னேன், பூஜ்யம். ஆபீஸிலிருந்து வந்த அப்பாவையும் ஊதச் சொன்னேன், மறுபடி அலறல். "மோர்தான் குடிச்சேன்" என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் செருப்பை மாட்டிக்கொண்டு காற்று வாங்கப் போனவர், சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் திரும்பினார். இவ்வளவுக்குப் பிறகும் அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா?

"சகுன்ல குடிக்கிறது குடியே இல்லடா. அது உடம்புல நிக்காது."

"மெஷினுக்கு அது தெரியாதும்மா!"

"அப்ப உன் மாமாகிட்ட நீயே சொல்லிக்கோ. மூணு தடவை ஊத்தாம அவன் யாரையும் வாசப்படி தாண்ட விட்டதில்ல."

உண்மைதான். அக்கா பிலிப்பைன்ஸ் கிளம்பிய அன்று நீங்கள் ஊற்றியதில் அவள் பாங்காக் வரை கண் திறக்கவில்லை. அன்றைக்கு அவள் பயணி. நாளைக்கு அவள் விமானி. அதுதான் வித்தியாசம். சகுனெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, அறிவியல்படி அதில் ஒன்றும் கிடையாது, நான் நிறையப் படித்திருக்கிறேன். உங்கள் கைராசி எங்களுக்கு வேண்டும், கையோடு வரும் புட்டி வேண்டாம்.

மாமிக்கு என் வணக்கம். குட்டித் தங்கைகளுக்கு முத்தம். எல்லா விநாயகரும் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

உங்கள் கைப்பிள்ளை,
ரிஜன் தாம்ராகார்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். கடிதத்தை மடிக்கும்போது அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. இன்றைக்கு வரவேண்டிய ஒருவர் வரவில்லையாம், அக்காவை இன்றே இரண்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். முட்டை இல்லை, மீன் இல்லை, ஒன்றுமே இல்லை. தெரு முனையில் ஒரு தடவை திரும்பி, "மாமா வரலையாடா?" என்று கேட்டாள் மாமா. அம்மா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் இந்த பைக்கிலேயே ஏறி நேராக விமான நிலையச் சாலைக்கு வாருங்கள், நான் அங்கே சிமுலேட்டர் கட்டிட வாசலில் நிற்பேன். ஐந்து மணிக்கு அவள் வெளியே வருவாள். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, முட்டை, மீன், ஐலா எல்லாம் கொண்டு வாருங்கள். மூன்று தடவையும் ஊற்றுங்கள். தேர்வு முடிந்த பிறகு கொடுக்கிற சகுன் பலிக்குமா என்று இணையம் முழுக்கத் தேடிவிட்டேன். உலகத்தில் ஒருத்தர் கூட இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.